பேச்சு: இயல்பு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? நாங்கள் மூன்று பேரும் காய்ச்சல், தலைவலி இல்லாமல் இருக்கிறோம். போனில் விஷயத்தைத் தொட்டால் ‘சிக்னல் சரியில்லக்கா’ என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. உட்கார்ந்து முழுசாகப் படி.

உன் மருமகள் மிளகுக்கு அரையாண்டு லீவு முடிந்துதான் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஒன்றாம் வகுப்பில் சேர்த்து மூன்று நாள் ஆகிறது. முதல் நாளே டீச்சர் எல்லாப் பிள்ளைகளையும் எழுப்பி, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லச் சொன்னாளாம். இவள் ‘அம்மா, அம்மா’ என்றிருக்கிறாள். ‘ரெண்டு அம்மாவா?’ என்று வகுப்பே சிரித்திருக்கிறது. இவள் சொன்னது அம்மாவும் அப்பாவும். அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ‘ப’ என்றால் ‘ம’ என்று வருகிறது. ‘பாடு’ என்றால் ‘மானு’. ‘காக்கா’ என்றால் தொண்டையில் விக்கல் மாதிரி நின்று நின்று ஆ, ஆ என்று மட்டும் வருகிறது.

நேற்று அந்த டீச்சர் என்னைக் கூப்பிட்டு, “பாப்பாவுக்குப் புரிஞ்சுக்கிற சக்தி கம்மியா இருக்கும்போல. வேற மாதிரி ஸ்கூல் எதாவது பாருங்க” என்றாள். பேருந்தில் எழுதியிருக்கும் எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் இவள். இரண்டு இலக்கக் கணக்கை விரல் விடாமல் போடுகிறாள். இவளுக்கா சக்தி கம்மி? கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் பையை எறிந்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். பால் குடித்தால் இன்னும் மூக்கு வழியாக வருகிறது.

உங்கள் அறக்கட்டளை நடத்திய அறுவை முகாமில் அவளுடைய பிளந்த உதட்டையும் அண்ணத்தையும் தைத்து நாலரை வருஷம் ஆகிறது. ‘பேச்சுப் பயிற்சிக்கு நாங்களே கூப்பிடுவோம்’ என்று அன்றைக்கு மைக்கில் சொன்னார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. அந்த அறக்கட்டளை அலுவலகத்தில் பதிவேடு எழுதுகிறவன் என் கூடப் பிறந்தவன். பயிற்சிப் பட்டியலில் அவள் எங்கே இருக்கிறாள் என்று பார்த்துச் சொல். இதற்கு எத்தனை நிமிஷம் ஆகும்?

பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் கடிதம் கண்டேன். அத்தானுக்கு லாரியில் தூரப் பயணம் அதிகமா? முதுகு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டதாகச் சொல்.

டீச்சர் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தாமதமாகும். இத்துடன் ஒரு பார்சல் அனுப்புகிறேன். பலூன் ஐம்பது, விசில் மூன்று. எங்கள் கையேட்டில் போட்டிருக்கிறபடி தினமும் இருபது தடவை ஊத வை. வாய்க்குப் பலம் வரும்.

ஒரு சந்தோஷமான செய்தி. எங்கள் அறக்கட்டளையின் இந்த வருஷ நாள்காட்டியில் மார்ச் மாதத்துக்கு நம் மிளகின் படம்தான். அறுவைக்கு முன், பின் என்று இரண்டு படம். எல்லோரும் பாராட்டினார்கள். உனக்கும் ஒன்று பார்சலில் வைத்திருக்கிறேன்.

பட்டியல் விஷயம் மெல்லப் பார்க்கிறேன். வேலை நெருக்கடி.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 6

தம்பிக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

நாள்காட்டி வந்தது. பிளந்த உதட்டோடு என் பிள்ளையை நாலு பேர் சுவரில் மாட்டச் சம்மதமா என்று யார் யாரிடம் கேட்டீர்கள்? உனக்கு அது சந்தோஷமான செய்தியா? அதன் கீழே ‘இன்று இவள் பேசுகிறாள்’ என்று எழுதியிருக்கிறது. யார் காதில் பேசினாள்? அவளுடைய அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சுருட்டிப் பரண் மேல் போட்டார். லாரி ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால் அவள் அவரை ‘அம்மா’ என்று கூப்பிட்டதிலிருந்து அவர் அவளை வெளியே கூட்டிப்போவதில்லை. ‘வெக்கப்படுறா’ என்று சொல்கிறார். வெட்கப்படுகிறவர் யார் என்று எனக்குத் தெரியாதா?

பலூன் ஊத வைக்கிறேன். கன்னம் வலிக்கிறது என்று அழுதாலும் விடுவதில்லை. கையேடு போட்டவர்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்?

பட்டியலைப் பார்த்தாயா இல்லையா? ஒரு வரி போதும்.

அக்கா

மார்ச் 27

தம்பிக்கு,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. உடம்பு நன்றாக இருக்கும். இல்லாவிட்டால் அதைக் காரணம் காட்டியாவது எழுதியிருப்பாய்.

நானே தேடிக்கொண்டேன். ஆலையில் என் பக்கத்து மெஷின்காரி சொன்னாள், பெரிய அரசு ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை மட்டும் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு அம்மா உட்காருகிறார்கள் என்று. இரண்டு பஸ். பட்டன் துளை போடுகிற காஜா மெஷினை விட்டு அரை நாள் லீவு கேட்டதற்கு சூப்பர்வைசர் என்னை மேலும் கீழும் பார்த்தான். நானும் அவனை அப்படியே பார்த்தேன். கையெழுத்துப் போட்டான்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. முன்பு துடைப்பமும் வாளியும் வைத்திருந்த இடமாம். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு கைக்கண்ணாடி. அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். பிள்ளைகள் ‘கண்ணாடி டீச்சர்’ என்கிறார்கள். மிளகின் மூக்குக்குக் கீழே கண்ணாடியை வைத்து ‘பா பா பா’ சொல்லச் சொன்னார்கள். கண்ணாடி மூன்று தடவையும் பனி பிடித்தது.

“பாருங்க, வாயில அடைபட்டு வெடிக்க வேண்டிய காத்து மூக்குல ஓடுது. வீட்டுல என்ன பயிற்சி பண்றீங்க?”

நான் பெருமையாகப் பலூனைச் சொன்னேன். அந்த அம்மா பேனாவை மேஜையில் வைத்துவிட்டார்கள்.

“யாரு சொன்னது? பலூன் ஊதினா பலூன் ஊதத்தான் வரும். பேச வராது. பிள்ளைய ஏம்மா இம்சை பண்ணீங்க?”

எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே முகம் எரிந்தது. இரண்டு மாதம், தம்பி. அழ அழ ஊத வைத்தேன்.

பிறகு மிளகின் மூக்கை இரண்டு விரலால் மெல்லப் பிடித்துக்கொண்டு, “இப்ப உங்க அப்பாவக் கூப்பிடு கண்ணு” என்றார்கள்.

“அப்பா” என்றாள்.

தெளிவாக. யார் பிள்ளையும் சொல்கிற மாதிரி. நான் அந்த அறையில் அழவில்லை. வெளியே வந்து பைப்படியில் முகம் கழுவுகிற மாதிரி நின்றுகொண்டேன். அவளுக்குள் அந்தச் சொல் ஆறு வருஷமாக இருந்திருக்கிறது. மூக்கை அடைத்தால் வந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒருத்தருக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்ததில், தைத்த இடத்தில் பட்டாணி அளவு ஓட்டை இருக்கிறது. பின்பக்கம் அண்ணமும் குட்டையாம், தொண்டைச் சுவரைப் போய்த் தொடவில்லையாம். “இது தைரியமா பேசு, தைரியமா பேசுன்னு சொன்னா சரியாகுற விஷயம் இல்ல. மறுபடி அறுவை வேணும். அப்புறம் பயிற்சி. ரெண்டுல ஒண்ணு மட்டும் போதாது” என்றார்கள். இரண்டு வயதிலேயே யாராவது பார்த்திருந்தால் தொண்டையில் விக்குகிற பழக்கம் இவ்வளவு ஊறியிருக்காது என்றும் சொன்னார்கள்.

பழைய அறுவையின் கோப்பைக் கேட்டு உங்கள் அலுவலகத்துக்கு அவர்களே எழுதியிருக்கிறார்கள். நீ அதைச் சீக்கிரம் அனுப்பி வை.

அக்கா

ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமா? நல்ல பயிற்சியாளர் கிடைத்ததில் மகிழ்ச்சி.

கோப்பு எதற்கு அக்கா? பழைய காகிதத்தில் ஒன்றும் இருக்காது. எல்லாவற்றையும் புதிதாகவே தொடங்கச் சொல். கேட்டு எழுதிய கடிதத்தை அந்த அம்மா திரும்பப் பெற்றுக்கொண்டால் வேலை சுலபமாக முடியும். இங்கே கோப்புப் பிரிவில் ஆள் குறைவு.

மிளகுக்கு என் முத்தம்.

தம்பி

மே 14

கோப்பு வந்தது.

கண்ணாடி டீச்சர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்கள். கடைசித் தாளில் நின்றுவிட்டார்கள். பிறகு அதை என் பக்கம் திருப்பி வைத்தார்கள்.

‘நேரில் பரிசோதிக்கப்பட்டது. பேச்சு: இயல்பு. மேற்கொண்டு பயிற்சி தேவையில்லை. கோப்பு முடிக்கப்பட்டது.’

கீழே உன் கையெழுத்து.

“இந்த ஆள் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?” என்றார்கள். தெரியாது என்று சொன்னேன். என் வாழ்க்கையில் இவ்வளவு வெட்கப்பட்டு ஒரு பொய் சொன்னதில்லை.

நேரில் பரிசோதித்ததாக நீ போட்டிருக்கிற தேதியில் மிளகு உடம்பெல்லாம் அம்மைக் கொப்புளத்தோடு என் மடியில் கிடந்தாள். அவளுக்கு அப்போது மூன்று வயது. நீ அந்த வருஷம் எங்கள் வீட்டுப் படியே மிதிக்கவில்லை. எந்த மிளகைப் பரிசோதித்தாய்? எந்தப் பேச்சைக் கேட்டாய்?

நலம் விசாரிக்க எனக்கு மனசில்லை.

ஜூன் 20

அக்காவுக்கு,

ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது. எப்படித் தொடங்குவது என்று தெரியாததால் நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்களிடம் இருந்த பேச்சுப் பயிற்சியாளர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருஷம் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. ஆண்டறிக்கை அச்சுக்குப் போகிற சமயம். இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, “முகாம்ல பண்ணின பிள்ளைங்க எல்லாருக்கும் பேச்சு நிலவரம் காலியா இருக்கே. வெளிநாட்டுல இருந்து பார்க்க வர்றாங்க. பூர்த்தி பண்ணிடுங்க” என்றார். யார் போய்ப் பார்ப்பது என்று கேட்டேன். “தையல் நல்லா ஆறியிருக்குல்ல? அப்புறம் என்ன, பேசத்தான செய்யும்” என்றார். மொத்தம் நூற்றுப் பதினெட்டுத் தாள். இரண்டு நாளில் முடித்தேன். ஒரு பிள்ளையைக்கூடப் பார்க்கவில்லை.

மிளகின் தாள் வந்தபோது கை நின்றது. அன்று மதியம் உனக்குப் போன் செய்தேன். நினைவிருக்கிறதா? அவளுக்கு அம்மை என்று சொன்னாய். போனை அவள் காதில் வைத்தாய். ‘மாமா’ என்றாள். அவ்வளவு தெளிவாக இருந்தது அக்கா. ‘மாமா, மாமா’ என்று நாலு தடவை சொன்னாள். எனக்கு அது போதுமாக இருந்தது. போதும் என்று வைத்துக்கொண்டேன்.

‘ம’ மூக்கால் வருகிற எழுத்து, அண்ணம் திறந்திருந்தாலும் அது சரியாகத்தான் வரும் என்று உன் மார்ச் மாதக் கடிதத்துக்குப் பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரியும்.

என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன்.

தம்பி

ஜூன் 26

தம்பிக்கு,

என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறாயா? நல்லது.

நூற்றுப் பதினெட்டு என்று நீயே எண்ணிச் சொல்லியிருக்கிறாய். என் பிள்ளைக்கு ஆலையில் சண்டை போடத் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறாள். மற்ற நூற்றுப் பதினேழுக்கு? எத்தனை பேர் கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறார்கள்? எத்தனை பேரை ‘சக்தி கம்மி’ என்று பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பியாயிற்று? எத்தனை தாய்மார் உங்கள் பலூனை ஊத வைத்துப் பிள்ளையின் முதுகில் இரண்டு போட்டிருப்பார்கள்? நான் போட்டேன். அதை உனக்கு இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஒவ்வொரு வீட்டுக்கும் கடிதம் எழுது. அச்சடித்தது கூடாது. உன் கையால். ‘உங்கள் பிள்ளையை யாரும் பரிசோதிக்கவில்லை, பரிசோதித்ததாக நான் எழுதியது பொய், பேச்சுப் பயிற்சி தருகிறவரிடம் உடனே காட்டுங்கள்’ என்று எழுது. கையெழுத்தைப் போடு. அந்தக் கையெழுத்துதான் உனக்கு நன்றாக வருமே.

வேலை போய்விடும் என்று சொல்வாய். வேலை போனால் வேறு வேலை தேட உனக்கு வாய் இருக்கிறது.

இதைச் செய்துவிட்டு எனக்கு எழுது. செய்யாவிட்டால் எழுதாதே.

அக்கா

செப்டம்பர் 3

தம்பிக்கு,

நீ எழுதவில்லை. நானும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

ஜூலை கடைசியில் மிளகுக்கு அறுவை நடந்தது. அதற்கு முன் மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவை விட்டு, பேசச் சொல்லி, அண்ணம் எப்படி அசைகிறது என்று பார்த்தார்கள். நெளிந்தாள், ஆனால் அசையாமல் இருக்கச் சொன்னபோது இருந்தாள். மூன்று மணி நேரம் ஆனது. அவளுடைய அப்பா வராந்தாவில் ஒரு தூணைப் பார்த்தபடி நின்றார், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. மூன்று வாரம் கூழாக்கியதையே கொடுத்தோம். ஓட்டை அடைபட்டுவிட்டது. முதல் தடவையாகப் பால் குடித்துவிட்டு மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. விரலை என்னிடம் நீட்டிக் காட்டினாள்.

ஆனால் பேச்சு பழையபடிதான் இருக்கிறது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கண்ணாடி டீச்சர், “வீடு புதுசும்மா, குடியிருக்கிற பழக்கம் பழசு. இனிமேதான் நம்ம வேலை” என்றார்கள். இப்போது ‘ப’ மட்டும். உதட்டை மூடு, காற்றைச் சேர், விடு. மூக்குக்கு நேராக ஒரு கீற்றுக் காகிதம். அது ஆடினால் தப்பு. தினமும் காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். அதற்கு மேல் வேண்டாம், பிள்ளை வெறுத்துவிடும் என்கிறார்கள்.

நான் இந்தக் கடிதத்தை எழுதுவதற்குக் காரணம் வேறு. போன செவ்வாய்க்கிழமை அந்த மாடிப்படிக்குக் கீழே பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாக மூன்று பேர் இருப்போம். பஸ்ஸில் ஐந்து மணி நேரம் வந்ததாகச் சொன்ன ஒருத்தி மடியில் ஒன்பது வயதுப் பையனை வைத்திருந்தாள். நாலாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்து எனக்குக் காட்டி, “இதப் படிச்சுச் சொல்லுங்கக்கா, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கேனா?” என்றாள்.

உன் கையெழுத்து.

படித்துக் காட்டினேன். செவ்வாய்க்கிழமை இந்த ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லும் கடைசி வரி வரை. அவள் கடிதத்தை வாங்கி மறுபடி மடித்தாள். பிறகு, “இந்தப் பாவி மட்டும் என் கையில கிடைச்சா…” என்று தொடங்கி என்னென்னவோ சொன்னாள். நான் தடுக்கவில்லை. அவளுக்கு அது உரிமை. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நீ இதை எனக்கு ஏன் எழுதவில்லை?

அக்கா

செப்டம்பர் 19

அக்காவுக்கு,

மேலே முகவரி மாறியிருப்பதைக் கவனி. இனி இங்கேயே எழுது. இது ஓர் அச்சகம். பிழை திருத்துகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது.

நூற்றுப் பதினேழில் தொண்ணூற்று நாலு வீட்டுக்கு எழுதிவிட்டேன். மீதிப் பேர் வீடு மாறிவிட்டார்கள். தேடிக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். திட்டிப் பதினாறு பதில் வந்திருக்கிறது. ஒன்று மட்டும் வேறு மாதிரி. அதில் ஒரு பிள்ளையின் அப்பா எழுதியிருக்கிறார், அவர் மகள் போன வருஷமே பள்ளியை விட்டு நின்றுவிட்டாளாம், இப்போது வீட்டை விட்டு வெளியே வருவதில்லையாம், இனிமேல் காட்டினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறார். அவளுக்குப் பதினாலு வயது. அவருக்கு என்ன எழுதுவது என்று அந்தக் கண்ணாடி அம்மாவிடம் கேட்டுச் சொல்.

மிளகு பால் குடித்த வரியை நிறைய தடவை படித்தேன்.

தம்பி

டிசம்பர் 12

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அச்சகத்தில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

பதினாலு வயதுப் பெண்ணைக் கட்டாயம் அழைத்து வரச் சொல்கிறார்கள் கண்ணாடி டீச்சர். நேரமாகும், கஷ்டமாக இருக்கும், ஆனால் முடியாது என்று சொல்ல மாட்டேன் என்றார்கள். செவ்வாய்க்கிழமைக் கூட்டம் தாங்காமல் நாங்கள் தாய்மார் இருபது பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். இப்போது வெள்ளிக்கிழமையும் உட்காருகிறார்கள். அறை அதேதான்.

இன்று எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. அந்த ஒன்றாம் வகுப்பு டீச்சர்தான் இப்போது இரண்டாம் வகுப்பிலும் இவளுக்கு. அவள் ஆலைக்கே போன் செய்து என்னை வரச் சொன்னாள். பதறிக்கொண்டு ஓடினேன். மிளகு வாசலில் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நின்றாள்.

“உங்க பொண்ணு கெட்ட வார்த்தை பேசுறா. நீங்க கண்டிச்சு வைக்கணும்” என்றாள் டீச்சர்.

“என்ன பேசினா?”

முன் பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி மூக்கைச் சுருக்கி இவள் மாதிரியே பேசிக் காட்டினாளாம். வகுப்பு சிரித்ததாம். இவள் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து முன்னால் வந்து நின்று, “போடி!” என்றாளாம்.

“போடின்னா சொன்னா?”

“ஆமா. எல்லாப் பிள்ளைங்களும் கேட்டாங்க.”

“டீச்சர், போடின்னு கேட்டுச்சா, மோனின்னு கேட்டுச்சா?”

“போடின்னுதான். அத்தனை தெளிவா சொன்னா. அதான் கூப்பிட்டேன்.”

தம்பி, காகிதக் கீற்று இல்லாமல், யாரும் சொல்லச் சொல்லாமல், அவளாகப் பேசிய முதல் ‘ப’ அது. பயிற்சி அறையில் வருவது வேறு, தெருவிலும் வகுப்பிலும் தானாக வருவது வேறு, அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்று கண்ணாடி டீச்சர் சொல்லியிருந்தார்கள். நான் அந்த வகுப்பு டீச்சரிடம், “கண்டிக்கிறேன் டீச்சர். ஆனா எம்பொண்ணு பேசினது உங்களுக்குப் புரிஞ்சிருக்கு. இனிமே யாருக்குச் சக்தி கம்மின்னு யோசிச்சுச் சொல்லுங்க. நாளையிலேருந்து அவ முன் பெஞ்சுல உக்காரணும்” என்றேன்.

‘க’ இன்னும் வரவில்லை. ‘ச’ மூக்கில்தான் போகிறது. இன்னும் ஒரு வருஷம் ஆகலாம்.

எனக்கு உன் மேல் கோபம் தீரவில்லை. தொண்ணூற்று நாலு கடிதம் எழுதினாய் என்பதற்காகத் தீர்ந்துவிடாது. இன்னும் எத்தனை நாளைக்கு இருக்குமோ தெரியாது. ஆனால் கடிதத்தில் திட்டித் திட்டி எனக்குக் கை வலிக்கிறது. அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வா. நீ அவள் தாளில் என்ன எழுதினாய் என்று நேற்று அவளுக்கே சொல்லிவிட்டேன். முழுசாகக் கேட்டாள். நீ எப்போது வருவாய் என்று கேட்டாள்.

வந்து அவளிடமே திட்டு வாங்கிக்கொள். இப்போது அவளுக்குத் திட்ட வருகிறது.

உன் அக்கா